மருந்துக் கடை மூடியிருக்கும் வேளையில் அவசர மருந்து

நம் ஊர்களில் இரவு 10 மணிக்கு மேல் திறந்திருக்கும் மருந்துக் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தீபாவளி, பொங்கல் நாள்களில் பகலிலும் ஏறக்குறைய அதே நிலைதான். 2018 செப்டம்பர் 28 அன்று, இணையவழி மருந்து விற்பனையை எதிர்த்து மருந்து வணிகர்கள் நாடு தழுவிய கடையடைப்பு நடத்தியதைச் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். இத்தகைய நேரங்களில் எங்கள் மருந்தகச் சாளரத்துக்கு வருவோரை மூன்று வகையினராகக் காண்கிறோம். மாத்திரை அட்டை காலியாகிவிட்டதைப் படுக்கப் போகும்போது கண்டவர்கள் ஒரு வகையினர். அன்று மாலைதான் வேறொரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க இயலாமற்போனவர்கள் இரண்டாம் வகையினர். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியதால் ஓடி வருவோர் மூன்றாம் வகையினர்.

இவர்களுள் பலர் நான்கைந்து கடைகளின் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டே வருகின்றனர். ஒரு மணி நேர அலைச்சலால் சிலருக்கு உறக்கம் மட்டுமே கெடும். வேறு சிலருக்கு அந்த ஒரு மணி நேரம் உயிரோடு தொடர்புடையது. ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இந்த மருந்து இன்றிரவே தேவைதானா? தேவையெனில், அது கடையில் வாங்கும் மருந்தா, மருத்துவமனைக்குச் சென்றே பெற வேண்டிய மருந்தா? இவ்வரிசையில் எண்ணிப் பார்க்கும் குடும்பத்தினர் பாதி அலைச்சலைத் தவிர்த்துவிடுகின்றனர்.

காலை வரை காத்திருக்கும் மருந்துகள்

உடலில் நெடுநேரம் தங்கும் மருந்துகள் பல உண்டு. தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் தைராக்சின் மாத்திரையின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. இரத்த அழுத்தத்துக்குப் பெரிதும் வழங்கப்படும் அம்லோடிபின் 30 முதல் 50 மணி நேரத்தில்தான் பாதியாகக் குறைகிறது. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் மாத்திரைகள் ஆகியவற்றில் ஒரு வேளை விடுபட்டால் அந்த இரவில் தீங்கு எதுவும் நேராது. இம்மருந்துகளுக்காக முதியவர் ஒருவர் இரவு 11 மணிக்கு இருசக்கர வண்டியில் நெடுஞ்சாலையைக் கடந்து செல்வதுதான் உண்மையான ஆபத்து.

ஒரு வேளையைத் தவறவிட்டவர்கள் மறுநாள் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குவதைப் பரவலாகக் காண்கிறோம். விட்டதை ஈடுகட்டுவதாக அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்தல் கூடாது. நினைவு வந்தவுடன் அந்த வேளையை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதெனில் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் தொடரலாம் என்பதே பெரும்பாலான மருந்துகளுக்குப் பொதுவிதி. சர்க்கரை நோய் மாத்திரையை இரட்டித்து உண்டால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர் உண்ணும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை இரட்டித்தால் இரத்தக்கசிவு நேரலாம். இவற்றை அன்றைய நாளுக்குள் நினைவு வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் கடந்துவிட்டால் வழக்கமான அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, விடுபட்ட தேதியைக் குறித்து வைத்து, அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

காத்திருக்க இயலாதவை

சில மருந்துகளை ஓரிரவுகூட நிறுத்தக்கூடாது. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டோயின், சோடியம் வால்ப்ரோயேட், கார்பமாசபின், லெவெடிராசிட்டம் ஆகியன திடீரென நின்றால், பல ஆண்டுகளாக அடங்கியிருந்த வலிப்பும் திரும்ப வரலாம். சிறுநீரகம் மாற்றப்பட்டோர் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை உண்ணும் டாக்ரோலிமஸ் மருந்தைத் தவறவிட்டால், உடல் அவ்வுறுப்பை ஏற்க மறுக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தவறவிட்டால் ஸ்டென்டினுள் இரத்தம் உறையக்கூடும். மூன்று வாரங்களுக்கு மேலாகப் பிரெட்னிசலோன் உண்டு வருவோருக்கு உடல் தானே சுரக்கும் ஸ்டிராய்டு குறைந்திருக்கும். மருந்து திடீரென நின்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, வாந்தியும் மயக்கமும் தோன்றலாம். மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால், குளோனிடின் உண்போர் அவற்றைச் சட்டென நிறுத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் முன்னிலும் மிகுதியாக எழும். பார்க்கின்சன் நோயாளிகளின் லெவோடோபா மருந்தும் இவ்வரிசையைச் சேர்ந்ததே.

இம்மருந்துகளை உண்போரின் குடும்பத்தினர் அவற்றின் பெயர்களுக்கு எதிரே ஓர் அடையாளக் குறி இட்டு வைப்பது நன்று. ஐந்தாறு மாத்திரைகள் எழுதப்பட்ட சீட்டில் எது தவிர்க்கவொண்ணாதது என்பதை மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. கேட்டால் எந்த மருத்துவரும் மகிழ்ச்சியோடு சொல்வார்.

இன்சுலினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இன்சுலின் முற்றிலும் நின்றால், சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேரத் தொடங்கும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்நிலையில் கடை தேடுவதைக் கைவிட்டு மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாமல் மருந்து மட்டும் தீர்ந்துவிட்டதெனில், பக்கத்து வீட்டு அத்தையிடமோ மாடி வீட்டுப் பெரியவரிடமோ ஒரு வேளைக்கு வாங்கிக்கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம். அந்த நல்ல உள்ளத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதில் மறைந்திருக்கும் இடர் பெரிது.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. பேனாவுக்கான சிறு உருளைகளிலும் சில குப்பிகளிலும் 100 யூனிட் செறிவு இருக்கும். ஊசிக் குழல்களும் இரு வகைப்படும்: 40க்கு உரியது சிவப்பு மூடி உடையது, 100க்கு உரியது ஆரஞ்சு நிற மூடி உடையது. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே செல்வது 20 யூனிட் அன்று; 50 யூனிட். இரவு உறக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்க இது போதும். மாறாக, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடிக் குழலில் 20 கோடு வரை இழுத்தால் வெறும் 8 யூனிட்டே சேரும். குப்பியில் அச்சிட்ட எண்ணும் குழலில் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருந்தாலன்றிப் போட்டுக்கொள்ளுதல் கூடாது. செறிவு ஒத்திருந்தாலும் வகை ஒத்திருக்க வேண்டும். உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலினும், நாள் முழுதும் மெல்ல வேலை செய்யும் கிளார்ஜினும், முன்பே கலந்து வரும் 30/70 வகையும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

கடையைத் தேடவே கூடாத நிலைகள்

நெஞ்சின் நடுவே இறுக்கம், இடக்கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றியவுடன் மகன் மாத்திரை வாங்க ஓடுவதும், வீட்டினர் அவர் வரவுக்காகக் காத்திருப்பதும் இன்றளவும் நடக்கின்றன. 108ஐ அழைப்பதே முதற்செயல். இதய நோயாளிக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்ட ஐசோசார்பைடு மாத்திரை கையிலிருந்தால், அவரை உட்காரவைத்து நாக்கின் அடியில் வைக்கலாம். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரும். ஆண்மைக் குறைவுக்கான சில்டினாஃபில் வகை மருந்தை அண்மையில் உண்டவருக்கு இதைக் கொடுத்தலாகாது; கூச்சத்தால் இச்செய்தியை மறைப்போர் பலர். 108இல் பேசுவோர் அறிவுறுத்தினால், ஒவ்வாமையோ இரத்தக்கசிவுள்ள வயிற்றுப்புண்ணோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கலாம்.

தமிழகத்தில் 2023ஆம் ஆண்டு முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் வேளை மருந்துகள் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின்) இருப்பில் வைக்கப்படுகின்றன. சிற்றூர்களில் வாழ்வோர் இதை அறிந்திருத்தல் நன்று. நகரத்துப் பெரிய மருத்துவமனை 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் முதல் மருந்து அருகிலேயே கிடைக்கக்கூடும்.

பக்கவாதத்தின் நிலை வேறு. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் வீட்டில் எந்த மாத்திரையும் கொடுத்தல் கூடாது, ஆஸ்பிரினும் கூடாது. மூளையில் அடைப்பா, இரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடை தேடும் நேரம் அதிலிருந்தே கழிகிறது. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கினாலும் 108தான். வாயில் நீரையோ மாத்திரையையோ திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும்.

ஆஸ்துமா நோயாளியின் நீல நிற இன்ஹேலர் பொதுவாக 200 முறை அழுத்தத்தக்கது. நாளொன்றுக்கு 4 முறை பயன்படுத்தினால் 50 நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்த பின்னும் உந்துவாயு மட்டும் வெளிவருவதால் மருந்து வருவதாகவே தோன்றும். எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லாத இன்ஹேலரின் மேல் தொடங்கிய தேதியை எழுதி வைக்க வேண்டும். முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சுத்திணறல் இருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ புதிய இன்ஹேலரைத் தேடிப் போகாமல் நெபுலைசரும் ஆக்சிஜனும் உள்ள இடத்துக்குச் செல்லுங்கள்.

பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தும் கடையில் தேடத்தக்கதன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான ஒரே கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் வைக்கப்பட்டுள்ளது. அதைச் செய்யத் தேவையான நஞ்சைச் சேகரித்துத் தருவோருள் முதன்மையானவர்கள் நம் மாநிலத்தின் இருளர் மக்களே. 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. கடிபட்ட இடத்தை இறுகக் கட்டாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டு செல்ல வேண்டும். நாய்க்கடியாயின் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிய பின் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பது காரணமாகாது.

எங்கே கேட்பது?

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருகிறோம். மருந்து இன்றிரவே வேண்டும், நோயாளியோ நலமாக இருக்கிறார் எனில், தெருத்தெருவாகக் கடை தேடுவதைவிட உள்நோயாளிப் பிரிவு உள்ள மருத்துவமனையின் மருந்தகத்துக்கு நேரே செல்வதே சிறந்தது. அத்தகைய மருந்தகங்களுள் பல இரவு முழுதும் திறந்திருக்கும். சீட்டுடன் வரும் வெளியாருக்கும் மருந்து தருவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். புறப்படுமுன் தொலைபேசியில் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லி இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவு எந்நேரமும் இயங்குகிறது. அங்கே 30 நாள் மாத்திரை கிடைக்காது. ஆயினும் பணி மருத்துவர் நிலைமையைப் பார்த்து, தவறக்கூடாத ஒரு வேளை மருந்தைத் தர வழியுண்டு. இன்சுலினும் வலிப்பு மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுபவை. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.

சீட்டு இல்லாதபோது சிக்கல் தொடங்குகிறது. இரவு நேரத்தில் மருந்தாளுநர் மருந்தைத் தர மறுத்தால் மனிதநேயம் அற்றவர் என்று ஏசுவோர் உண்டு. அவருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தையொட்டி எழுந்த 1945ஆம் ஆண்டு விதிகளின்படி, எச் அட்டவணையில் உள்ள மருந்துகளை மருத்துவரின் சீட்டு இன்றி விற்றல் கூடாது. எச்1 அட்டவணையிலுள்ள அல்பிரசோலம், டிரமடால், செஃபிக்சிம் போன்றவற்றை விற்கும்போது நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்க வேண்டும். சீட்டில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் எழுதியிருந்தால், உள்ளிருக்கும் மருந்து ஒன்றே ஆயினும், வேறு நிறுவனத்தின் மாத்திரையைத் தாமாக மாற்றித் தருவதற்கும் அவ்விதிகள் இடந்தருவதில்லை.

இவ்விதியால் இரவில் தொல்லை உண்டாவதை மறுக்கவில்லை. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சீட்டு எழுதும்போதே மருந்தின் பொதுப்பெயரையும் சேர்த்து எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பொதுப்பெயர் இருந்தால் எந்தக் கடையிலும், முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும், கையிருப்பில் உள்ளதைப் பெறலாம். சீட்டையே இழந்துவிட்டவர்கள் தம் மருத்துவரை அழைத்துப் புதிய சீட்டை அலைபேசி வழியே பெற முயலலாம். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதற்கு இடமளிக்கின்றன. போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளுக்கும் எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்கும் அவ்வழி கிடையாது.

சீட்டுக்கு அடுத்தபடியாகப் பயன்படுவது காலி அட்டை. இங்கே நம் கடைகளின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான்கு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுப்பர். பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டில் போய்விடும்; நம் கையில் எஞ்சுவது பெயரற்ற நான்கு வெள்ளை மாத்திரைகள். இரவில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருவோர் அதைக் காட்டி, "இதுதான் இவர் உண்ணும் மருந்து" என்று சொல்லும்போது எங்களாலும் எதையும் கண்டறிய இயலுவதில்லை. வெட்டி வாங்கும்போது பெயரும் தேதியும் உள்ள பகுதியையே கேட்டு வாங்குங்கள். அட்டையின் இரு புறங்களையும் அலைபேசியில் படம் எடுத்து, அதை வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். நோயாளியின் அலைபேசியில் மட்டும் இருந்தால், அவர் மயங்கிக் கிடக்கும்போது அதைத் திறக்க ஆளிராது.

குழந்தையின் காய்ச்சல்

இரவில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது பாரசிட்டமால்தான். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் எனில் மருந்து கேட்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவ்வயதில் காய்ச்சல் தொற்றின் ஒரே அடையாளமாக இருக்கலாம். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேற்படலாகாது. வயதைக் கொண்டு கணக்கிடுவதைவிட எடையைக் கொண்டு கணக்கிடுவதே சரி.

மருந்தின் செறிவில்தான் தவறு நேர்கிறது. சொட்டு மருந்து ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் கொண்டது. சிரப் 5 மில்லிலிட்டரில் 125 கொண்ட வகையும் உண்டு, 250 கொண்ட வகையும் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டுமெனில், சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. வழக்கமான சிரப் கிடைக்காமல் சித்தி வீட்டுச் சொட்டு மருந்தை வாங்கி வந்து, பழக்கத்தின்படி 6 மில்லி ஊற்றினால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போய்ச் சேரும். பாரசிட்டமால் மிகுந்தால் கெடுவது கல்லீரல்; அதன் அறிகுறிகள் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும். பெரியவர்களின் ஆஸ்பிரினை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்தல் எக்காரணம் கொண்டும் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு வேண்டிய முதல் மருந்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். உப்பு மிகுந்தால் தீங்கு. கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மீண்டும் கலக்க வேண்டும். காகிதப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பழச்சாறுகள் இதற்கு ஈடாகா. குழந்தை எதையும் குடிக்க மறுத்தாலோ, கண்கள் குழிந்து சோர்ந்து கிடந்தாலோ கரைசலை நம்பி வீட்டில் இருத்தல் கூடாது.

மழைக்காலமும் விடுமுறையும்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தபோதும் கடைகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. அவ்வாண்டு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கடை திறந்திருந்தாலும் சாலை இல்லை; சாலை இருந்தாலும் மின்சாரம் இல்லை. ஐப்பசி தொடங்குமுன் நாள்பட்ட நோயாளிகள் உள்ள வீடுகளில் வழக்கமான இருப்புக்கு மேல் 7 முதல் 10 நாள்களுக்கான மருந்து இருத்தல் வேண்டும். பழைய அட்டையை முதலில் தீர்த்துப் புதியதைப் பின்னால் வைத்தால் காலாவதித் தொல்லை இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே வீட்டில் மருந்து பெறுவோர், மழைக்கு முன் வரும் பணியாளரிடம் இதைப் பற்றிப் பேசி வைக்கலாம்.

மின்சாரம் நின்றால் இன்சுலின் உடனே கெட்டுவிடும் என்று அஞ்சிப் பலர் அதைக் கொட்டிவிடுகின்றனர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பயன்பாட்டிலுள்ள குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ 4 வாரம் தாங்கும். நம் பாட்டிமார்களின் மண்பானை இங்கே கைகொடுக்கிறது. அகன்ற மண்சட்டியில் ஈர மணலிட்டு, அதன் நடுவே சிறு மண்பானையை வைத்து, நீர்புகாத உறையில் இட்ட குப்பியை அதனுள் வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் குளிர்ச்சி நிற்கும். பனிக்கட்டியின்மேல் நேராக வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின் தெளிவாகத் தோன்றினாலும் பயனற்றதே.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் உண்போரின் குடும்பங்களுக்கென ஒரு சொல். அம்மருந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில் மட்டுமே கிடைக்கும்; எந்தத் தெருக்கடையிலும், எந்நேரத்திலும் கிடையாது. அது திடீரென நின்றால் வலி திரும்புவதோடு உடல் நடுக்கமும் வியர்வையும் சேரும். வெள்ளிக்கிழமை காலையிலேயே எஞ்சியுள்ள மாத்திரைகளை எண்ணுங்கள். திங்கள் மாலை வரை போதாதெனில் அன்றே வலிநிவாரணப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது சீட்டுடன் உறவினர் ஒருவரை அனுப்புங்கள். படுத்திருக்கும் நோயாளியை அழைத்து வரத் தேவையில்லை. காசநோய் மருந்துகளுக்கும் எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். அவற்றை வழங்கும் மையங்கள் இரவிலும் ஞாயிறன்றும் இயங்குவதில்லை.

மாலையில் வீடு திரும்பும் உள்நோயாளிகள், கணக்கு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரே வண்டி ஏறிவிடுகின்றனர். ஊர் சென்றடையும்போது அங்குள்ள கடை மூடியிருக்கும். சீட்டில் உள்ள எல்லா மருந்தும் கையில் உள்ளனவா, இன்றிரவு வேளை எது, நாளைக் காலை வேளை எது என்பதை மருந்தகச் சாளரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்று இருப்பில் இல்லையெனில் அங்கேயே சொல்லிவிடுவோம். மருத்துவர் பணியில் இருக்கும்போதே மாற்று மருந்தை எழுதி வாங்கிவிடலாம். வீட்டுக்கு அருகே இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணை அச்சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக்கொண்டு புறப்படுங்கள்.